உத்தரம் டீம்

கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி எப்படிப் பிறந்தது என்று கல்லூரியைக் கேட்டால், ஒரு முதல்வர், ஒரு ரிப்பன், ஒரு கத்தரிக்கோல் என்று கதை சொல்லும். நம்ப வேண்டாம். அணி பிறந்தது பாழடைந்த பழைய சாப்பாட்டுக் கூடத்தில். பெற்றெடுத்தவள் கொக்கு.

கொக்கு என்பது பட்டப்பெயர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் முதல் பெஞ்சுக்காரியைவிட ஒரு தலை உயரமாகத் தெரிவாள். கதவு நிலைகளில் இடித்து இடித்து நெற்றியில் ஒரு புடைப்பு நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அவளுடைய அம்மாவுக்கு வெல்டிங் கடை. கேட், ஜன்னல் கம்பி, உடைந்த நாற்காலிக் கால், எது வந்தாலும் ஒட்டிக் கொடுப்பாள். புருஷன் விட்டுப் போன அன்று மட்டும், "இது ஒட்டாது, விடு" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனாள். கொக்குவுக்கு உயரம் அப்பா கொடுத்தது. வாய் அம்மா கொடுத்தது.

கல்லூரியில் சேர்ந்ததும் மைதானத்துக்குப் போய்ப் பந்து கேட்டாள். பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார்.

"கோர்ட்டு பசங்களுக்கு. வேணும்னா நீ ஓரமா உக்காந்து ஸ்கோர் எழுது."

"எழுதறேன் சார். எங்க டீம் ஸ்கோர."

"எந்த டீம்?"

அதற்கு அப்போது அவளிடம் பதில் இல்லை. விடுதி, நூலகம், பேருந்து நிறுத்தம் என்று அலைந்து, தன்னோடு சேர்த்து ஆறு பேராகப் பதிலைத் தேற்றினாள். ஒருத்திக்குப் பந்தைக் கண்டால் பயம், ஒருத்திக்கு ஓடினால் மூச்சு வாங்கும். சுவரில் ஒட்டிக்கொண்டே நடக்கும் பல்லி என்பவளுக்கு மட்டும் குறி தப்பாது. பந்து எங்கிருந்து வந்தது என்பதைப் பி.டி. சாரின் அலமாரிதான் சொல்ல வேண்டும். கல்லூரிகளுக்கு இடையிலான லீக்கில் பெயர் சேர்க்க முதல்வர் கையெழுத்துப் போட்டதும் பெருந்தன்மையால் அல்ல. அன்று அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

கோர்ட்டில் இடமில்லாததால், பழைய சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அம்மா கூடை வளையம் மாட்டிக் கொடுத்தாள். அங்கேதான் சிக்கல். கூரை தாழ்வு. நடுவே குறுக்காக ஒரு மர உத்தரம், பாதி கறையான் தின்றது. பந்து அதில் பட்டால் சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிரும். அதனால் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். பந்து உயரே போனால், பார்த்தவள் "உத்தரம்" என்று கத்த வேண்டும். உடனே எல்லாரும் ஆட்டத்தை நிறுத்தி, தலைமேல் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். காரை விழுந்து முடிந்த பிறகுதான் ஆட்டம். மழைக்காலம் முழுக்க இப்படியே பழகினார்கள். பந்து தரையோடு தரையாகப் பறந்தது. கூரைக்குக் கீழே அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதல் லீக் ஆட்டம் வேறொரு கல்லூரியில், திறந்தவெளிக் கோர்ட்டில். ஆட்டம் சூடுபிடித்த நேரம், பல்லி அவசரத்தில் பந்தை உயரத் தூக்கி எறிந்துவிட்டாள்.

"உத்தரம்" என்று அவளே கத்தினாள்.

கோர்ட்டில் இருந்த ஐந்து பேரும் நின்றார்கள். ஐந்து பேரும் தலைமேல் கை வைத்தார்கள். மேலே ஆகாயம்தான் இருந்தது. எதிரணி பந்தைப் பொறுக்கிக்கொண்டு போய், ஆர அமரக் கூடையில் போட்டது. நடுவர் விசிலை ஊத முடியாமல் சிரித்தார். அதற்குப் பிறகு பந்து மேலே போகும்போதெல்லாம் பார்வையாளர் கூட்டமே "உத்தரம்" என்று கத்தித் தலையில் கை வைத்தது. எத்தனை புள்ளியில் தோற்றார்கள் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடலாம்.

மறுநாள் பி.டி. சார் கொக்குவை வராந்தாவில் நிறுத்தினார்.

"அடுத்த மேட்சுக்கு வேன் கெடையாது. போகலைன்னா லீக்ல பேர அடிச்சிருவாங்க. டீம் இல்லைன்னா கூடமும் வேணாம், பூட்டிரலாம். காலேஜ் மானமாவது மிஞ்சும்."

"மானம் எங்களது சார். போனதும் எங்களதுதான். நீங்க ஏன் தேடறீங்க?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாளே தவிர, கடைக்குப் போகும்வரை அவளுக்குக் கண் எரிந்தது. வெல்டிங் புகை என்று சொல்லிக்கொள்ளக் கடை இன்னும் தூரத்தில் இருந்தது.

அம்மா முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "தலையில கை வெச்சீங்களாமே. கேட் வாங்க வந்தவன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அவன் கேட்டோட கீல்களத் தலைகீழா வெச்சு ஒட்டிக் குடுத்துட்டேன். தெறக்கட்டும் பாப்போம்."

கொக்குவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் அடைத்துக்கொண்டன.

"வண்டி வேணும்மா."

"கேட் ஏத்துற வண்டிதான்டி இருக்கு. கம்பியோட கம்பியா உக்காரணும்."

சனிக்கிழமை கம்பியோடு கம்பியாக ஆறு பேரும் போய் இறங்கினார்கள். கதை அங்கே முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது; கோர்ட்டுக்குள் கால் வைத்ததுமே கூட்டம் தலையில் கை வைத்து வரவேற்றது. பல்லி வேலியோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் ஆடலடி. திரும்பிப் போயிரலாம்."

"கேட்டுக்கோ," என்றாள் கொக்கு, அவள் தோளைப் பிடித்து. "எதிர் டீமும் தலையில கை வெச்சுச் சிரிக்கிறாங்கல்ல? அப்ப அந்தக் கையில பந்து இருக்காது. கத்துறது இனிமே நம்ம வேல. கத்தினா நிக்கக் கூடாது, ஓடணும்."

ஆட்டம் தொடங்கியது. கொக்கு பந்தை வேண்டுமென்றே வானத்துக்கு எறிந்து, தொண்டை கிழிய "உத்தரம்" என்றாள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எதிரணியிலேயே இரண்டு பேர் பழக்கதோஷம்போலத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடிய பல்லி, இறங்கி வந்த பந்தைப் பிடித்துக் கூடையில் போட்டாள். சிரித்தவர்களுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிவதற்குள் இன்னும் சில முறை போட்டுவிட்டாள். அதன்பிறகு எதிரணி முறைத்துக்கொண்டு ஆடியது. அவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். பந்துக்குப் பயப்படும் பெண் அன்று மூக்கில் பந்தடி வாங்கியும் வெளியே போக மறுத்தாள். கடைசி விசிலுக்கு ஒரே ஒரு கூடை குறைந்தது. தோற்றார்கள்.

ஆனால் வந்தார்கள், ஆடினார்கள், முடித்தார்கள். லீக்கில் பெயரை அடிக்க யாராலும் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை, பெரிய பூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து வாசலில் பி.டி. சார் நின்றிருந்தார். ஆறு பேரும் எதிரே வந்து நின்றார்கள்.

"ஜெயிச்சிட்டு வந்த மாதிரில்ல நிக்கிறீங்க," என்றார். "தோத்துட்டு என்னம்மா இவ்ளோ திமிரு?"

"ஆமா சார், தோத்துட்டோம்," என்றாள் கொக்கு. "வர்ற சனிக்கிழமை மறுபடியும் தோக்கணும். நீங்க வேன் அனுப்பறீங்களா, இல்ல எங்கம்மாவ வண்டி எடுக்கச் சொல்லட்டுமா? அம்மா வந்தா காலேஜ் வாசல்லதான் ஏத்துவாங்க. முதல்வர் ரூம் ஜன்னலுக்கு நேரா. ஹாரன் வேற சரியில்ல, அமுக்கினா நிக்காது."

பி.டி. சார் பூட்டைப் பார்த்தார். கொக்குவைப் பார்க்க அண்ணாந்தார். பிறகு பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேன் டிரைவர் இருக்கும் ஷெட் பக்கம் நடந்தார்.

"டிரைவர்கிட்ட சீக்கிரம் சொல்லுங்க சார்," என்று பின்னாலிருந்து பல்லி குரல் கொடுத்தாள். இந்த முறை சுவரை விட்டு வெளியே வந்து நின்றிருந்தாள்.