மேவிஸ் கூடாரம் அடித்த ஞாயிறு

பென்ரித் ஊரில் பெரிய கூடாரம் வாங்கப் போகிற ஜோடிகள் கூடாரக் கடை மேவிஸ் டாலன்டைரிடமிருந்து தப்பிக்க முடியாது. கடைக்குப் பக்கத்துப் புல்வெளியில் இரண்டு பேரும் சேர்ந்து அதை ஒருதடவை அடித்துக் காட்டிய பிறகுதான் விற்பாள். நாற்காலியைப் போட்டுக்கொண்டு, டீயும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். அடடா, என்ன கூத்து!

"அந்தக் கம்பி இல்லடி, நீலக் கம்பி!"

"உங்க அம்மாவக் கூப்பிட்டு அடிச்சுக்கோயேன்!"

இப்படிக் கத்துகிறவர்களைப் பற்றி மேவிஸுக்குக் கவலையே கிடையாது. அவர்கள் வாங்கிய கூடாரம் திரும்பி வந்ததே இல்லை. "உன் இஷ்டம் கண்ணு", "இல்ல, உங்க இஷ்டம்" என்று குழைகிறதுகளே, அதுகள்தான் ஆபத்து. திங்கட்கிழமை காலையில் ரசீதோடு கூடாரம் வந்து நிற்கும். சில சமயம் ஒருத்தர் மட்டும் தூக்கிக்கொண்டு வருவார். அதையெல்லாம் திரும்ப வாங்கி வாங்கியே அவளுக்குக் கல்யாணம் என்றாலே பயம்.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் கடைக்குச் சரக்கு லாரி ஓட்டுகிற நோயல் பியூலி, அடுப்புப் பெட்டிகளை இறக்கிவைத்த கையோடு, "என்னக் கட்டிக்கிறியா மேவிஸ்?" என்று கேட்டுத் தொலைத்தான். அவனை விட்டால் வேறு எவனையும் இந்த ஜென்மத்தில் பிடிக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும், "ஞாயித்துக்கிழமை புல்வெளிக்கு வா, பாக்கலாம்" என்றாள்.

வந்தான். முகம் மழித்து, டை வேறு கட்டியிருந்தான். கேட்ட கம்பியைக் கொடுத்தான், காட்டிய இடத்தில் முளை அடித்தான், வாயை மட்டும் திறக்கவில்லை. மேவிஸுக்குப் பகீரென்றது. வேண்டுமென்றே கூடாரத்து வாசலைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, "இப்படி வைக்கலாமா?" என்றாள்.

"உன் இஷ்டம் கண்ணு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "போதும் நோயல். மடிச்சு வெச்சிடலாம்."

"மடிக்கிறதா?" சுத்தியலை வீசி எறிந்தான் நோயல். "காத்துக்கு எதிரே வாசல வெச்சுட்டு மடிக்கிறதாம்! அறிவிருக்கா உனக்கு? கத்தினா காரியம் கெட்டுடும்னு கடைப்பசங்க சொன்னானுங்களேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்!"

"நீ அடிச்ச முளையோட லட்சணத்தப் பாருய்யா மொதல்ல!"

சொல்லி வாய் மூடவில்லை, முளைகளைப் பிடுங்கிக்கொண்டு கூடாரம் கார் நிறுத்தத்தைப் பார்த்துப் பறந்தது. "உன்னாலதான்", "உன்னாலதான்" என்று கத்திக்கொண்டே இருவரும் பின்னால் ஓடினார்கள்.

வேலியில் மாட்டிக் கிழிந்த கூடாரத்துக்கு மேவிஸே காசு கட்டினாள். ரசீதை நோயல் கண்முன்னாலேயே துண்டு துண்டாகக் கிழித்தாள்.

"இனிமே திருப்பிக் குடுக்க முடியாது. புரியுதா?"

"யாரு குடுக்கப் போறா? வாசல மட்டும் நான் சொல்ற பக்கம் வை."

"வெக்க மாட்டேன், போ!" என்றாள் மேவிஸ், சிரிப்பை அடக்க முடியாமல்.