பூசையில் கற்ற இங்கிலீஷ்

மனைவி செத்த வருஷம் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தோட்ட வேலை பார்த்தேன். பிள்ளை குட்டி இல்லை. செடி, கிணறு, வேலி. சாயந்தரம் வரை வாய் திறக்க ஆள் கிடையாது. வூட்டுக்குப் போனாலும் அதேதான்.

உள்ளே சீட்டு கொடுக்கிற இடத்தில் ஆள் தேவைப்பட்டது. வருகிறவர்களுக்கு எந்த அறை என்று காட்டணும். நாள் பூரா ஜனம் பேசிக்கினே இருக்கும். எனக்கு அந்த வேலை வேணும். ஆஸ்பத்திரியை நடத்துகிற கன்னியாஸ்திரி மதரிடம் கேட்டேன். கதவுப் பலகை எல்லாம் இங்கிலீஷ், வாசித்து அர்த்தம் சொன்னால் தருகிறேன், ஈஸ்டர் கழியட்டும் என்றார்.

நான் படித்தது அஞ்சாவது. எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. ஆனால் கொஞ்சம் லத்தீன் தெரியும். சின்ன வயசில் மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்தவன். சாமியார் சொல்லச் சொல்ல லத்தீனில் பதில் சொல்லணும். தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம். அர்த்தத்தை, எங்களுக்கு ஜெபம் கற்றுத்தந்த உபதேசியார் சொல்லிவைத்தார். பிறகு பூசையே தமிழுக்கு மாறிவிட்டது.

ஒருநாள் ஒரு கதவில் லாவடரி என்று கூட்டினேன். பூசையில் கை கழுவும்போது சாமியார் 'லாவாபோ' என்பார். கழுவுவேன் என்று அர்த்தம். அப்போ கழுவுற இடம். தள்ளிப் பார்த்தேன். கக்கூஸ். முக்கால்வாசி சரி.

அப்புறம் விடவில்லை. மருந்து டப்பாவில் விட்டமின். 'வீத்தா' என்றால் உயிர். பின்கட்டுக் கதவில் மார்ச்சுவரி. 'மோர்த்திஸ்' என்றால் சாவு. எக்ஸ்ரே மட்டும் பூசையில் இல்லை. அதை அப்படியே மனப்பாடம் பண்ணினேன்.

கம்பவுண்டர் பார்த்துவிட்டார்.

"இன்னா சாமியாரே, டப்பாவுக்குப் பூசை வெக்கிறியா?"

சிரித்தேன். அன்றைக்கு என்னிடம் பேசினது அவர் ஒருத்தர்தான்.

ஈஸ்டர் கழித்து மதர் என்னை வராந்தாவில் கூட்டிக்கொண்டு போனார். பலகை பலகையாய்ச் சொன்னேன். ஒன்றில் தடுமாறினேன். அது டாக்டர் பேரு என்றார். வேலை கிடைத்தது.

ஜனம் வந்தது. பேசினார்கள், என்னோடு இல்லை. எந்தப் பக்கம் என்பார்கள். கை காட்டுவேன். போய்விடுவார்கள்.

ஆடி மாசம் ஒருநாள் பின்கட்டுக் கதவு முன்னால் வாலாஜாபாத் பக்கத்து ஆள் ஒருத்தர் நின்றிருந்தார். கையில் ஒரு ஜோடி பொம்பளைச் செருப்பு.

"இதுல இன்னா எழுதிகீது அண்ணே? சம்சாரத்த இங்க வெச்சிகீறதா சொன்னாங்க."

"இங்கதான்" என்றேன். "தொறக்க நேரமாவும். குந்து."

படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டு ஜன்னலிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை.