முதல் நாள் டேப்

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டு வாசலில் தயாளன் பழக்கூடையோடு வந்து நின்றதுமே சவுந்தரத்துக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது. தஞ்சோங் வானொலிக்கு ஒரு காலத்தில் அவர்தான் மேலாளர். அங்கே டேப் அறையைப் பார்த்துக்கொண்டவள் அவள். இருபத்தாறு வருஷம், ஒரு டேப்பிலும் பூஞ்சை ஏறவிடாமல் துடைத்துத் துடைத்துக் காத்தவள்.

"ஸ்டேஷன் வரலாற்றுக்குக் கண்காட்சி வைக்கிறோம், சவுந்தரம். முதல் நாள் ஒலிபரப்பு உங்கிட்டதான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, லா."

வாய் கூசாமல் கேட்கிறாரே! ஏ.எம். ஒலிபரப்பை மூடிய வருஷம், எஃப்.எம்.காரர்களுக்கு மறுபடி பதிவுசெய்ய டேப் வேண்டுமென்று பழையதையெல்லாம் அழிக்கச் சொன்னதே இவர்தான். முதல் நாள் டேப்பையாவது விட்டுவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். பைராம் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தியாக அதில் அவளும் பாடியிருந்தாள்.

"குப்பைய கட்டிக்கிட்டு அழாத" என்றார் அன்றைக்கு. அவள் கையாலேயே அழிக்கவும் வைத்தார்.

சவுந்தரம் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து நீட்டினாள். மேலே அவள் கையெழுத்தில் 'முதல் நாள் ஒலிபரப்பு' என்றிருந்தது. தயாளனுக்கு முகமெல்லாம் பல். அவசரமாகத் திறந்தார்.

பெட்டி காலி. மூடியின் உட்புறம் சிவப்பு மையில் 'அழிக்கவும்' என்றிருந்தது. அதன் கீழே அவருடைய கையொப்பம்.

"இதை எதுக்கு வெச்சிருக்க?"

"டேப்பைத்தானே அழிக்கச் சொன்னீங்க, சார்? பெட்டிய இல்லையே. கண்காட்சியில கண்ணாடிக்குள்ள எல்லாத்துக்கும் முன்னுக்கு வைங்க. மூடிய மட்டும் திறந்தே வைங்க."