ஈரப்பையின் எடை

என் பக்கத்து வீட்டு ரெஜ் ஹாலமுக்கு நுரையீரலில் புற்றுநோய். ட்ரென்ட் ஆற்றில் பதின்மூன்று பவுண்டு பார்பெல் மீன் பிடித்ததுதான் முப்பது வருடமாக அவருடைய சாதனை. சாவதற்குள் அதைத் தாண்டிவிட நினைத்தார்.

நவம்பர் குளிரில், நானும் கூடப் போயிருந்த நாளில், ஒன்று சிக்கியது. மீனை நிறுக்க வைத்திருந்த, நனைத்த வலைப்பையான ஈரப்பையில் இட்டுத் தராசில் தொங்கவிட்டார். பதின்மூன்றே கால் காட்டியது. வழக்கப்படி மீனை ஆற்றிலேயே விட்டார். பிறகுதான் வெறும் பையை மாட்டிப் பார்த்தார். அரை பவுண்டு.

"பையோட எடையைக் கழிக்க மறந்துட்டேன்டா."

"நான் எதையும் பாக்கலை, ரெஜ். பதிமூணே கால்னே எழுதுங்க."

"அடுத்தவன் சொன்ன எடையையெல்லாம் சந்தேகப்பட்டவன்டா நான்."

சிரிக்கப்போய் இருமினார். நோட்டில் பன்னிரண்டே முக்கால் என்று எழுதினார். அடுத்த இரையைக் கோக்க விரல்கள் மடங்கவில்லை. தூண்டிலை என்னிடம் நீட்டினார்.