பாட்டுக்குள் இருந்த மூச்சு

மஸ்கட்டிலிருந்து ஷோபனா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, கார்கோவில் வந்த மரப்பெட்டியைப் பிரித்த அவள் கணவர் குணசேகரன் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். வாஷிங் மெஷின் என்று நினைத்திருந்தார். உள்ளே இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், கூடவே ஓர் ஆம்ப்ளிஃபயர். வேலை முடிந்து ஊரைக் காலிசெய்த ஒரு டாக்டர் குடும்பத்திடம் வாங்கியிருந்தாள்.

"இத்தனை வருஷமும் இயர்போன்லயே கேட்டுட்டேங்க. இனிமே ஒரு ரூம் முழுக்க கேக்கணும்" என்றாள்.

நர்ஸிங் படித்துவிட்டு, மகள் பால்குடி மறந்த கையோடு விமானம் ஏறியவள். திருவையாற்றுக்குக் கிழக்கே குத்தகை நிலத்தைக் குணசேகரன் பார்த்துக்கொண்டார். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அங்கே நர்ஸுகளுக்கு நாலு பேருக்கு ஓர் அறை. எந்நேரமும் யாராவது ஒருத்தி ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பாள். சத்தமாக ஒரு பாட்டுக் கேட்க வழியில்லை. ஐசியூ மானிட்டர்களின் பீப் சத்தம் காதைவிட்டுப் போக வேண்டும் என்று, போர்வைக்குள் மலிவான ஓர் இயர்போனை மாட்டிக்கொள்வாள். பெரும்பாலும் ஒரே கச்சேரிதான். எப்போதோ காலமாகிவிட்ட ஒரு பாகவதர், மிருதங்கம் ஓய்ந்திருக்க, நிதானமாகப் பாடிய விருத்தம்.

ஆனால் ஊரில், மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அதைப் போட்டதும் அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. பாட்டுக்கு அடியில் ஙொய்யென்று ஒரு ரீங்காரம். மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கிரீச்சென்று ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்று நினைத்து, தஞ்சாவூர் கீழவாசலில் சேக் தாவூது கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். துபாயில் ஆடியோக் கடையில் இருந்துவிட்டு வந்து சொந்தக் கடை போட்டவர் அவர்.

"உங்க ஆம்ப்ளிஃபயர் ஜம்முனு இருக்கு சிஸ்டர்" என்றார் சோதித்துவிட்டு. "கோளாறு லேப்டாப்புல. கம்ப்யூட்டருக்குள்ள பாட்டு பாட்டா இல்ல, வெறும் நம்பரு. ஒரு செகண்டுக்கு நாப்பத்தி நாலாயிரத்துக்கு மேல. அதைத் திருப்பி கரண்டா மாத்தினாத்தான் ஸ்பீக்கர் அசையும்."

"லேப்டாப்பு அதைச் செய்யாதா பாய்?"

"செய்யும். ஆனா ஃபேனு, சார்ஜருன்னு எல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கற எடத்துல செய்யுது. அதுங்க சத்தமும் சேந்து வந்துடுது. அந்த வேலைய வெளியில ஒரு டப்பாகிட்ட குடுத்துடணும். டேக்னு பேரு."

இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. இன்னொன்று செங்கல் கனம். முன்னால் பளபளவென்று ஒரு வால்யூம் குமிழ். விலை பல மடங்கு.

"எது நல்லது?"

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. கேட்டுட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுங்க. சத்தத்த மட்டும் ரெண்டுக்கும் ஒரே அளவா வச்சுக்கங்க. சத்தம் தூக்கலா இருக்கறதுதான் நல்லதுன்னு காது நம்பிடும்."

தை அறுவடைக் காலம். வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது சாப்பாட்டுக்கு நின்ற மதிய வேளையில் ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தினாள். எந்த டப்பா ஓடுகிறது என்று தனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒயரை மாற்றுவது குணசேகரன் பொறுப்பு.

"போடட்டுமா?"

"ம்."

முதலில் எதுவும் கேட்கவில்லை. ரீங்காரம் இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று அவள் திரும்பப் போன நேரத்தில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

ஷோபனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மூச்சை இழுத்தவர் பாடினார். அடி முடிந்ததும் மறுபடி இழுத்தார். அந்த இழுப்பின் கடைசியில் மெல்லிசாக ஒரு விசில்.

"நிறுத்துங்க. முதல்லேந்து போடுங்க."

மறுபடியும் அதே விசில். வார்டு வார்டாக நோயாளிகளின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டவளுக்கு அது தெரியாதா?

"இவருக்கு வீசிங் இருந்திருக்குங்க" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெஞ்சு அடைச்சுக்கிட்டுப் பாடியிருக்காரு."

"எனக்கொண்ணும் கேக்கலையே."

"நான் கையத் தூக்கறப்ப கேளுங்க."

அவள் கை உயர்ந்தது. குணசேகரன் ஒயரைப் பிடித்தபடியே அசையாமல் நின்றார். "ஆமா ஷோபனா" என்றார் மெதுவாக. கையில் மயிர் சிலிர்த்திருந்ததைத் தடவிவிட்டுக்கொண்டார். "செத்துப்போனவரு. நம்ம வீட்டுல வந்து மூச்சு விடறாரு பாரு."

விருத்தத்தின் நடுவில் ஒரு சொல்லைப் பாதியில் விட்டு, சற்று நிறுத்தி, மிச்சத்தைப் பாடுவார் பாகவதர். அந்த இடத்தை எத்தனை முறை கேட்டு உருகியிருக்கிறாள்! எத்தனை அழகான யோசனை என்று வியந்திருக்கிறாள். அது யோசனை இல்லை. அந்தச் சொல்லை முடிக்க அவர் நெஞ்சில் காற்று இல்லை. இல்லாத காற்றை அவர் அப்படி ஓர் அழகாக்கிவிட்டிருக்கிறார். எதிரே சபை முழுக்க உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா? அவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டாள். கூப்பியதே பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மற்ற டப்பாவையும் போட்டுப் பார்த்தார்கள். அதே மூச்சு, அதே விசில். குணசேகரன் மாற்றி மாற்றிப் போட, எது எது என்று அவள் சொன்னதெல்லாம் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போயிற்று. கடைசியாக அவர் சின்ன டப்பாவை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"முதல்ல நீ கேட்டு அழுதியே, அது இதுதான்."

ஒரு பிஸ்கட் பாக்கெட் கனம்கூட இல்லை. ஒரு மனிதரின் நுரையீரல் நம்பர் நம்பராக இதற்குள் போய் மூச்சாக வெளியே வந்ததை நினைத்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் டப்பா மறுநாளே கீழவாசலுக்குத் திரும்பிப் போயிற்று.

"நல்லா கேட்டுத்தான் எடுத்திருக்கீங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டார் சேக் தாவூது.

அதன்பிறகு குணசேகரனுக்கும் பித்துப் பிடித்துக்கொண்டது. வயலிலிருந்து வந்து கால் கழுவியதும் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு கச்சேரியில் யாரோ ஒரு குழந்தை கொட்டாவி விடுகிறது என்றார். இன்னொன்றில் பாடகி தொடையில் தாளம் போடும்போது வளையல் உரசுகிறது என்றார். எல்லாம் இருந்தன.

ஒருநாள் மதியம் ஷோபனா வேறொரு பழைய கச்சேரியைப் போட்டாள். தகரப் பந்தலில் நடந்தது போலும். பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற நேரத்தில் குணசேகரன் துள்ளி எழுந்தார்.

"மழை! களத்துல நெல்லு கெடக்கு!"

தார்ப்பாயை வாரிக்கொண்டு ஓடினார். ஷோபனா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். நெல் பொன்னாகக் காய்ந்துகொண்டிருக்க, சுள்ளென்ற வெயிலில், தார்ப்பாயை விரித்த கையோடு அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் அவள் முதுகுக்குப் பின்னால், தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.