உத்தரத்துக்கு அந்தப் பக்கம்

அந்த ரிவிட்டுகள் இன்றும் பாலத்தில் இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் கையால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். நான் கதை கட்டுகிறவன் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். பேர் கெதின். பேய், பிசாசு பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிற ஆள்.

எங்களுடையது வேல்ஸ் மலைக்குள் ஓடும் பழைய நீராவி ரயில். ஆற்றுப் பாலத்தை அறுபதுகளில் பிரித்து இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். பாதை இரண்டு துண்டாகிவிட்டது. அதை ஒட்டவைக்க ஊர்க்காரர்களே சேர்ந்து, சனி ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் புதுப் பாலம் கட்டினோம். பழைய முறைப்படியே, போல்ட் இல்லாமல், ரிவிட் ஆணி அடித்து.

ரிவிட்டுக்கு ஆள் வேண்டும் இருபுறமும். டெக்வென் அக்கா உலையில் ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சி, குறட்டால் எடுத்து உத்தரத்துக்கு மேலாக வீசுவாள். அந்தப் பக்கம், ஆற்றின் மேல் கட்டிய சாரத்தில் நிற்கிறவர் தகர வாளியில் பிடிப்பார். டங்! துளைக்குள் செருகி, இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுத்து, இரண்டு தட்டு தட்டுவார். டொக், டொக். என் பக்கம் சிவந்த நுனி எட்டிப்பார்க்கும். நான் காற்றுச் சுத்தியலால் அடித்துத் தலை கட்டுவேன்.

நடுவில் அந்த உத்தரம், ஆளுயரத்துக்கு மேல் இரும்புச் சுவராக. அந்தப் பக்கம் நிற்கிறவர் என் கண்ணிலும் படமாட்டார், டெக்வென் கண்ணிலும் படமாட்டார்.

நின்றவர் என் அண்ணன் இத்வால். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகவில்லை.

"உங்க அண்ணன் சொல்பேச்சு கேக்க மாட்டாரு. நீதான் பத்திரமா திருப்பிக் கூட்டிட்டு வரணும் கெதின்" என்று நெஸ்டா அண்ணி காலையில் வாசல்வரை வந்து சொன்னாள்.

பாலத்தில் அதைச் சொன்னேன். அண்ணன் பாதுகாப்புக் கயிறு கட்டிய இடுப்பு வாரை மாட்டிக்கொண்டே சிரித்தார். "தட்டுற சத்தம் கேக்குதில்ல? கேட்டா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். போய் உன் வேலையைப் பாருடா."

நவம்பர் மாதம். பட்டப்பகல். ஆனாலும் ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டத்தில் பாலத்தின் மறுமுனை தெரியவில்லை. அந்த உத்தரத்தில் பதினாலு துளை பாக்கி. மதியம் ஒன்றரைக்குத் தொடங்கினோம்.

முதல் நாலு ரிவிட்டும் வழக்கம்போல. அண்ணன் இருமினார். கோயில் பாட்டு ஒன்றைத் தப்புத் தப்பாகப் பாடினார். "டெக்வென்! வாளியைப் பார்த்துப் போடு, என் வழுக்கையைப் பார்த்துப் போடாத!"

"ரெண்டும் ஒரே மாதிரி மின்னுமே, நான் என்ன பண்றது!"

ஐந்தாவது ரிவிட். டங். டொக், டொக். அடித்தேன்.

ஆறாவது. டங். டொக், டொக்.

பாட்டு நின்றிருந்தது. களைத்திருப்பார் என்று நினைத்தேன். தட்டுச் சத்தம்தான் வருகிறதே...

ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்றுகூட நழுவவில்லை. அவ்வளவு கச்சிதமாக அண்ணன் முட்டுக்கொடுத்ததே கிடையாது. மலையையே அந்தப் பக்கம் சாய்த்து வைத்ததுபோல் இருந்தது.

"இன்னைக்கு உங்க அண்ணன் ஒண்ணைக்கூடக் கோட்டை விடலையே!" என்றாள் டெக்வென்.

அதிர்வில் என் விரல்கள் வெளுத்து மரத்துவிட்டன. சுத்தியலைப் பிடித்திருக்கிறேனா என்பதே கையில் தெரியவில்லை.

பத்தாவது ரிவிட் எட்டிப்பார்த்தது. சிவப்பாக இல்லை. வெள்ளையாக.

வீசி, பிடித்து, செருகுவதற்குள் ரிவிட் கொஞ்சம் ஆறிவிடும். எப்போதும் அப்படித்தான். இது உலையைவிட்டு வந்ததைவிடக் கூடுதலாகக் கனன்றது.

பதினொன்று. தட்டுச் சத்தம் முந்திக்கொண்டது. டொக், டொக்... அப்புறம்தான் வாளியில் டங்.

"அண்ணே?"

டொக், டொக்.

"அண்ணே, வாயைத் திறந்து பேசுங்க."

டொக், டொக்.

அந்தச் சத்தத்தை நம்பினேன். பன்னிரண்டு அடித்தேன். பதின்மூன்று அடித்தேன்.

இரண்டு நாற்பதுக்கு டெக்வென் கூவினாள். "டீ!"

அண்ணன் டீயைத் தவறவிட்டதில்லை.

டொக், டொக்.

ஏணியைச் சாய்த்தேன். ஏறினேன். எட்டிப்பார்த்தேன்.

சாரம் இல்லை.

பலகை ஒன்றுகூட இல்லை. கீழே வெறும் பனி.

பனிக்குள் ஒரு கயிறு இறங்கியது.

அதன் நுனியில் அண்ணன்.

இழுத்தோம். மேலே கொண்டுவந்தோம். சட்டையெல்லாம் பனித்துளி. உதடு நீலம். நான் அவர் கையைப் பிடித்தேன். என் விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. சூடா, குளிரா... ஒன்றுமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க மேல தூக்குறப்பவே இதயம் நின்னு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆயிருக்கு சார்."

"தூக்குறதுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிகூடத் தட்டினாரும்மா" என்றேன்.

அவள் டெக்வெனைப் பார்த்தாள். டெக்வென் தரையைப் பார்த்தாள்.

அண்ணியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, அடக்கத்தன்றும் வரவில்லை.

போலீஸ் பாலத்தைப் பூட்டிச் சீல் வைத்தது. காற்று இயந்திரம், சுத்தியல், உலை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பரிசோதனைக்கு வந்த இன்ஜினியர் ஒவ்வொரு ரிவிட்டையும் தட்டிப் பார்த்தார். ஐந்தாவதிலிருந்து பதின்மூன்றாவதுவரை பாலத்திலேயே இறுக்கமானவை என்றார். கடைசித் துளை காலி. அதற்கு மட்டும் ஒரு போல்ட் போட்டுவிடச் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்துச் சீலை உடைத்துத் திறந்தார்கள். போல்ட்டை எடுத்துக்கொண்டு டெக்வெனும் நானும் போனோம்.

துளை காலியாக இல்லை.

ரிவிட் அடித்திருந்தது. அந்தப் பக்கமும் எட்டிப்பார்த்தேன். இருபுறமும் தலை, அவ்வளவு சுத்தமாக.

டெக்வென் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கெதின்... முட்டுக்கொடுக்க அன்னைக்கே ஒரு ஆளு இருந்துச்சு. அடிக்க இன்னொரு ஆளு வேணுமே?"

கொண்டுபோன போல்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.