முடிச்சூரில் ஒரு நாள்: நாலு பிட் போதுமா?

போன ஐப்பசியில், மழை ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை முடிச்சூருக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. மூன்று வாரத்துக்கு முன் அங்கே ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரில் நானும் என் குழுவிலுள்ள பிரகாஷும் மாட்டிவிட்டு வந்த பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. செய்த கருவியை ஆய்வகத்துக்கு வெளியே சோதிக்க நினைக்கும் மாணவர்கள் அடிக்கடி வழி கேட்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சிட்லபாக்கம். காலை எட்டரைக்குச் சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் தாம்பரம், டிக்கெட் ஐந்து ரூபாய். மேற்குப் பக்கம் வெளியே வந்தால் முடிச்சூர் சாலையில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அன்று குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால் நாற்பது நிமிடம் ஆனது. மழைக்காலத்தில் அங்கே ஷூ வேண்டாம். நான் போட்டுப் போய் அவதிப்பட்டேன்.

பெட்டிக்குள் ஒரு மைக்கும், எங்கள் குழு வடிவமைத்த சில்லும் (சிப்) இருக்கின்றன. தெருவோர மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கண்டுபிடித்து போனுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. சாதாரணச் சில்லில் நினைவகம் ஓரிடம், கணக்கு இன்னோரிடம். எண்களை அங்குமிங்கும் சுமப்பதிலேயே மின்சாரம் போய்விடும். எங்களுடையதில் நியூரல் நெட்வொர்க்கின் எடைகள், அதாவது அது கற்றுக்கொண்ட எண்கள், பதிந்திருக்கும் நினைவகச் செல்களிலேயே கணக்கு நடக்கிறது. ஒவ்வொரு செல்லும் தன் எடைக்கேற்ற மின்னோட்டத்தை விடும். கம்பியில் அவை ஒன்றுசேரும்போது கூட்டல் முடிந்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான். அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்ற ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், பேட்டரியைத் தின்பது அதுதான். ஒரு பிட் துல்லியம் கூட்டினால் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

முதலில் எட்டு பிட்டில் வைத்த பெட்டி ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. கன்வெர்ட்டரை வடிவமைத்த பிரகாஷ் நாலு பிட் போதும் என்றான்; அதாவது அளவுகோலில் 256 படிக்குப் பதில் பதினாறே படி. "தக்காளி நிறுக்க நகைக்கடைத் தராசு எதுக்கு?" என்பது அவன் வாதம். நெட்வொர்க்கைப் பயிற்றுவித்தவள் நான். நாலு பிட்டாக்கித்தான் மூன்று வாரத்துக்கு முன் மாட்டினோம், ஆனாலும் எனக்கு அரைமனசுதான்.

காரணம், வீட்டுக்காரர் விமலா டீச்சர். தரைத்தளத்தில் குடியிருக்கிறார். 2015 வெள்ளத்தில் தண்ணீர் கூடத்துக்குள் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கட்டிய துணியோடு கணவரும் மகளும் அவருமாக மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். பெட்டி ஒரு முறை கோட்டைவிட்டாலும் அந்த வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

கோவிலம்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்த பிரகாஷ் எனக்கு முன்பே சேர்ந்து பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். உயிரோடு இருந்தது. பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. டீச்சர் காபி கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெயில் காய்கிற நாளிலும் செய்தி வருகிறதாம். இரண்டு முறை வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கிறார்.

"குறை சொல்லலம்மா. நெஜமாவே தண்ணி வர்றப்போ, இதுவும் சும்மாதான்னு இருந்துடுவேனோன்னு பயமா இருக்கு" என்றார்.

டம்ளரை வைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்தேன். அதைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்து, குழாயை இறக்கி சம்ப் தொட்டியில் திறந்துவிட்டது. டீச்சரின் போன் ஒலித்தது: கால்வாயில் நீர் ஏறுகிறது. மூவரும் லாரியைப் பார்த்தோம்.

லேப்டாப்பில் பார்த்தால் விஷயம் எளிது. நாலு பிட்டில் லாரித் தண்ணீரும் கால்வாய்த் தண்ணீரும் ஒரே படியில் வந்து விழுந்தன. பிரகாஷ் சோர்ந்துபோய், எட்டுக்கே திரும்பிவிடலாம் என்றான். எனக்கு வேறொன்று தோன்றியது. நாளின் பெரும்பகுதி அந்தத் தெருவில் கால்வாய்ச் சத்தமே கிடையாது. அதற்கு நாலு பிட் தாராளம். விடை எல்லைக்கோட்டருகே விழுந்து சந்தேகம் வரும்போது மட்டும் அதே மின்னோட்டத்தை எட்டு பிட்டில் மறுபடி அளந்தால் என்ன? அவனுடைய கன்வெர்ட்டருக்கு அது முடியும்; அமைப்பை மாற்றினால் போதும். அவன் டீச்சரின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தான்.

அதுவரை லாரி நிற்க வேண்டுமே. டிரைவரிடம் போய்க் கேட்டேன்.

"இன்னாத்துக்கு மேடம்? இன்னும் ரெண்டு வூடு கீது."

டீச்சர் பெட்டியைக் காட்டி, கால்வாயில் தண்ணீர் ஏறினால் தகவல் சொல்லும் கருவி, உங்கள் லாரியிடம் ஏமாந்துபோகிறது என்று விளக்கினார். டிரைவர் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "என் லாரி வெள்ளம் மாரியா கீது?" என்று சிரித்துக்கொண்டே வால்வை மூடினார். பிரகாஷ் மாற்றி முடித்த பிறகு, நாங்கள் சொன்னபோதெல்லாம் திறந்து மூடினார். போன் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

ஆனால் பேச வேண்டிய நேரத்தில் பேசுமா என்பது மீதி இருந்தது. டீச்சர் போட்ட சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுக் காத்திருந்தோம். இரண்டு மணிவாக்கில் வானம் இருட்டிக் கொட்டியது. கால்வாய் பாதி நிரம்பியபோது போன் ஒலித்தது. டீச்சர் செய்தியைப் படித்தார். ஜன்னலுக்குப் போய்க் கால்வாயை ஒருமுறை பார்த்தார். பாதிதான், ஆபத்தில்லை. ஜன்னலைச் சாத்தினார்.

"சரி, நான் கொஞ்சம் படுக்கறேன். ஏறினா அது சொல்லட்டும்."

மழை பெய்யும்போது அம்மா படுத்துத் தான் பார்த்ததில்லை என்று அவர் மகள் எங்களிடம் மெதுவாகச் சொன்னாள். நாங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்தோம். தாம்பரம் வரை நனைந்துகொண்டே பைக்கில் போனோம். பிரகாஷ் வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டினான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். லேப்டாப்புக்கு ஒரு பிளாஸ்டிக் உறை அவசியம். பெரிய மழையில் ஷேர் ஆட்டோவை நம்ப வேண்டாம், பேருந்துக்கு நில்லுங்கள். பயிற்சிக்கு ஒலிப்பதிவு செய்யும்போது மழையோடு லாரி, மோட்டார், சம்ப் எல்லாவற்றையும் சேருங்கள். வீட்டுக்காரர்களிடம் கருவி வேலை செய்கிறதா என்று கேட்ட கையோடு, அதை நம்புகிறீர்களா என்றும் கேளுங்கள். முடிந்தால் மழை வரும்வரை அவர்களோடு இருந்துவிட்டு வாருங்கள்.